தோல் கொட்டகையில் காய்ந்த கிணற்றுக் காகிதங்கள்

1. பின்னறை

வேலூரில் நான் வேலை பார்த்த காலேஜ் லைப்ரரியின் பின்னறைக் கதவு அன்று காலையில் திறக்கவில்லை. மழையில் மரம் ஊதிப் போயிருந்தது. பியூனும் நானும் தோளால் இடித்துத் திறந்தோம். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர். ஏரி உடைந்து ராத்திரியே காம்பவுண்டுக்குள் வந்துவிட்டது என்று வாட்ச்மேன் பிறகு சொன்னார். காலமான ஒரு புரொபசரின் காகிதங்கள் இருந்த மரப்பெட்டிகள் அத்தனையும் தண்ணீருக்குள் கிடந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம் அது. இப்போது லைப்ரரி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு புரொபசர் காலமானால், அவர் அச்சடித்த புத்தகங்களை மட்டும் வாங்கி அலமாரியில் வைப்பார்கள். அவர் கைப்பட எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகள், கணக்குப் போட்டுப் பார்த்த தாள்கள், கடிதங்கள் எல்லாம் லாங் பஜாருக்கு எடைக்குப் போகும். மளிகைக்கடைக்காரர் அதில் மிளகாய் கட்டிக் கொடுப்பார். அதையெல்லாம் சேர்த்து வைக்கலாம் என்று எங்கள் காலேஜில் முதலில் சொன்னவன் நான்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

இந்தப் புரொபசர் வேலூர்க்காரர். சென்னையில் பல்கலைக்கழகத்தில் ரசாயனம் கற்பித்து, ஓய்வுபெற்றதும் ஊருக்கே திரும்பியவர். மாணவராக இருந்த நாளிலிருந்தே ஒவ்வொரு லீவுக்கும் பாலாற்றங்கரையோரமாக வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் போவார். கிணறு கிணறாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்து எழுதி வைப்பார். சாகும் வரைக்கும் அதை விடவில்லை. அச்சில் ஒரு பக்கம்கூட வரவில்லை. இருந்ததெல்லாம் அந்தப் பெட்டிகள்தான்.

அவர் மனைவி எஸ்தர் அம்மாள் பெட்டிகளை எங்களிடம் ஒப்படைத்தபோது, சொந்தக் கடிதங்களையும் சேர்த்தே கொடுத்தார். "இதெல்லாம் வீட்டுக் கடுதாசியாச்சேம்மா, எடுத்து வச்சிக்குங்களேன்" என்றேன்.

"நான் எதையும் பொறுக்கல தம்பி. இதுல எது முக்கியம்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இன்னிக்குத் தெரியாது" என்றார்.

அப்படிக் கொடுத்த பெட்டிகள்தான் தண்ணீரில் கிடந்தன. பிரின்சிபால் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று பார்த்தார். "உன்னாலதான் இது நம்ம தலையில விழுந்தது. போனது போச்சு. அள்ளிக் கொட்டிட்டுப் புத்தகத்தையாவது பாரு" என்றார்.

போகவில்லை என்று எனக்குத் தெரியும். அவர் எழுதியது நல்ல கறுப்பு மை. தண்ணீரில் கரையாது. ஆனால் நனைந்த காகிதம் நமக்காகக் காத்திருக்காது. இரண்டொரு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். வெயிலில் போட்டால் முறுக்கிக்கொண்டு நொறுங்கும். வெயிலும் இல்லை, தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. கூரை இருக்க வேண்டும், காற்று இருக்க வேண்டும், வெயில் படக்கூடாது, ஆயிரக்கணக்கான தாள்களை விரித்துப் போட இடம் வேண்டும். அப்படி ஒரு இடம் வேலூரில் எங்கே?

திமிரியிலிருந்து வந்து வேலூரில் குடியிருந்த எனக்கு, தினமும் வேலைக்கு வருகிற வழியில் ஆற்றோரத்து டேனரி ஒன்று கண்ணில் படும். பதப்படுத்திய தோலை நிழலில்தான் உலர்த்துவார்கள். அதற்கென்று நீளமான ஓட்டுக் கொட்டகை. மூங்கில் கழிகள் வரிசை வரிசையாக. இரண்டு பக்கமும் மூங்கில் தட்டிகள், வேண்டுமென்றால் திறக்கலாம், வேண்டாமென்றால் மூடலாம்.

பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "காதர் சாயபு டேனரியா? புரொபசரக் கேட்லயே நிறுத்தி அனுப்பினவரு அவரு. தெரியாதா உனக்கு?"

தெரியும். உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை ஊறவைத்துக் கழுவுகிற தண்ணீர் பக்கத்துக் கிணறுகளில் இறங்குகிறது என்று புரொபசர் கடைசிக் காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். அதற்குப் பிறகு எந்த டேனரிக்காரரும் அவரை உள்ளே விடவில்லை.

"போறதுனா போ. ஆனா யாரோட காகிதம்னு சொல்லாத. காலேஜ் காகிதம்னு மட்டும் சொல்லு" என்றார் பிரின்சிபால்.

2. சாயபுவின் நிபந்தனை

போகிற வழியில் எஸ்தர் அம்மாள் வீட்டில் தகவல் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

காதர் சாயபு ஆபீஸ் ரூமில் இருந்தார். கனத்த உடம்பு, மருதாணி போட்ட தாடி. ஒரு பொம்பளை வந்திருப்பதைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். நான் தயங்கித் தயங்கி, "காலேஜ் காகிதம் கொஞ்சம் நனைஞ்சிடுச்சுங்க" என்று ஆரம்பித்தேன்.

எஸ்தர் அம்மாள் நடுவில் மறித்தார். "ஐயா, அது என் வீட்டுக்காரர் எழுதின காகிதம். உங்க கிணத்தப் பத்தி எழுதினதும் அதுல இருக்குது. மறைச்சிக் கேக்க நான் வரல."

சாயபு மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவரு எழுதினது பொய்யின்னு நான் சொல்லலம்மா. நான் படிச்சதில்ல. ஆனா ஊரெல்லாம் இன்னா பேசிச்சு? காதர் சாயபு தண்ணிய நாசம் பண்றான்னு பேசிச்சு. ரொம்ப பேஜாராப் போச்சு எனக்கு. இப்ப அதே காகிதத்த என் கொட்டகையிலயே காயப் போடணும், அப்டித்தானே?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "சரி. கொட்டகைய எடுத்துக்குங்க. ஆளும் தர்றேன். என் கிணத்தப் பத்தி இருக்கிற காகிதத்த மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க. மீதி அத்தனையும் பத்திரமா காஞ்சி உங்க காலேஜுக்கு வந்துடும்" என்றார்.

நியாயமாகத்தான் கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒரே ஒரு கட்டு. அதைக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லாம் பிழைக்கும். எஸ்தர் அம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "காகிதம் இப்ப உங்க லைப்ரரிது தம்பி. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நான் யோசித்துச் சொன்னதாக இப்போது பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன். தானாக வந்தது.

"ஒண்ண எடுத்துட்டா மீதிய எவனும் நம்ப மாட்டான் சாயபு. அப்புறம் காயவச்சும் புண்ணியமில்ல. நாங்க வர்றோம்."

சாயபுவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வாசல் வரைக்கும் போனவனை, "நில்லுங்க" என்றார். "எனக்காக ஒண்ணு செய்யுங்க. அதுல இன்னாதான் எழுதியிருக்காருன்னு எனக்குப் படிச்சிக் காட்டுங்க. அப்புறம் போங்க."

3. அப்பாஜான் கிணறு

வண்டியில் பெட்டிகளை ஏற்றித்தான் கொண்டு வந்திருந்தேன். ஊர் வாரியாகவும் தெரு வாரியாகவும் அவற்றை அடுக்கியவன் நான் என்பதால் அவர் கிணற்றுக் காகிதக் கட்டைத் தேட நேரமாகவில்லை. ஈரத்தாளைப் பிரிப்பது எப்படி என்றால், அகலமான தட்டில் தண்ணீர் விட்டு, காகிதக் கட்டை அதில் மிதக்கவிட வேண்டும். மேல்தாள் தானாக நெகிழ்ந்து கொடுக்கும். அடியில் மல் துணியைச் செருகித் துணியோடு தூக்க வேண்டும். விரலால் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படித் தூக்கி, அவர் மேஜை மேலேயே விரித்தேன்.

இங்கிலீஷில் எழுதியிருந்தது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வருஷங்களின் குறிப்பை முதலில் படித்தேன். சில்வர் நைட்ரேட் விட்டதும் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது, உப்பு மிக அதிகம், குடிக்க உதவாது. சாயபு தலையை அசைத்தார். மறுக்கவில்லை.

"அதுக்கு முன்னாடி?" என்றார்.

பழைய வருஷத்துத் தாள்களுக்குப் போகப் போக வெளுப்பு குறைந்துகொண்டே வந்தது. கட்டின் அடியில் கிடந்த தாள், புரொபசர் மாணவராக இருந்தபோது எழுதியது. அதை இப்படிப் படித்தேன்:

"ஆற்றோரத்துச் சாயபு வீட்டுக் கிணறு. சில்வர் நைட்ரேட்டில் துளியும் கலங்கவில்லை. இந்தக் கரையில் நான் சோதித்த கிணறுகளில் இதுவே சிறந்த நீர். தெரு முழுவதும் இங்கேதான் தண்ணீர் எடுக்கிறது. வீட்டுக்காரர் என்னைக் கயிறு இழுக்க விடவில்லை. தானே இழுத்து, முதலில் குடி, பிறகு சோதி என்றார்."

சாயபு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எங்க அப்பாஜான்" என்றார். "அவரு அப்டித்தான். யாரையும் கயிறு தொட விடமாட்டாரு." விரலால் தாளைத் தொடப் போய், நிறுத்திக்கொண்டார். "அந்தத் தண்ணி இனிப்பா இருந்துச்சுன்னு என் பசங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. உப்புக் கிணத்தக் காட்டி, இதுவா பாவா இனிச்சுதுன்னு கேக்கறாங்க."

எஸ்தர் அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "இந்தக் கட்டத்தான் ஐயா நீங்க கேட்டீங்க."

சாயபு எழுந்து வாசலுக்குப் போய், மேஸ்திரி முனுசாமியைக் கூப்பிட்டார். "கொட்டகையில இருக்கிற தோலையெல்லாம் எறக்கு. ஒரு கழி பாக்கியில்லாம காலி பண்ணு."

"சரக்கு மெட்ராஸ் போவணுமே சாயபு. பாதிதான் காஞ்சிருக்குது."

"போவும்யா. அடுத்த வாரம் போவும். எறக்கு."

4. கழியில் காகிதம்

தோல் கொட்டகையில் காகிதம் காயப் போட்டவர்கள் இந்த ஜில்லாவில் எங்களைத் தவிர யாரும் இருக்க முடியாது. முதலில் கழிகளுக்கு வெளுத்த துணி சுற்றினோம். தோலைப் பதப்படுத்துகிற ஆவாரம்பட்டைச் சாறு ஊறிய மூங்கில் அது, அப்படியே போட்டால் தாளில் கறை ஏறும். இரும்பு ஆணி, குண்டூசி எதையும் பக்கத்தில் விடக்கூடாது என்றேன். "அது எங்களுக்குத் தெரியாதா சார், பட்டச்சாறுல இரும்பு பட்டா கன்னங்கரேல்னு ஆயிடும்" என்று முனுசாமி சிரித்தார். பிறகு தட்டிகளைப் பற்றி இருவரும் பேசி முடிவு செய்தோம். காற்று ஒரே பக்கமாக அடித்தால் ஓரம் மட்டும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். எதிரெதிர்த் தட்டிகளை மாற்றி மாற்றித் திறந்தார்.

எனக்கு இருந்த ஒரே பயம், வரிசை குலைந்துவிடக்கூடாது என்பது. ஒரு கட்டுக்கு ஒரு கழி. எந்தத் தாள் எதற்குப் பின்னால் வந்தது என்பது போய்விட்டால், இனித்த கிணறு எப்போது உப்பானது என்பதும் போய்விடும். தோல் கட்டுகளுக்குப் போடுகிற மரச்சீட்டையே வாங்கி ஒவ்வொரு கழியிலும் கட்டினேன். தாளைத் தூக்கிய ஆட்கள் பெரும்பாலும் எழுத்து அறியாதவர்கள். ஆனால் நனைந்த தோலைக் கிழியாமல் தூக்கிப் பழகிய கைகள். ஒரு தாள்கூட அவர்களிடம் கிழியவில்லை. கிழிந்தது இரண்டும் என் கையில்தான்.

சொந்தக் கடிதங்களின் முறை வந்தபோது எஸ்தர் அம்மாள் எழுந்தார். "இத நானே பிரிக்கிறேன்" என்றார். சாயபு கேட்காமலே கொட்டகையின் ஒரு மூலையில் சாக்குத் திரை கட்டச் சொன்னார். ஆட்கள் அந்தப் பக்கம் போகவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அம்மாள் ஒருமுறை சிரித்த சத்தம் கேட்டது. எந்தக் கடிதத்துக்கென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் காய்ந்த பிறகு, மடித்து நாடா கட்டி, அவரே என் கையில் கொடுத்தார். ஒன்றைக்கூட எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

ஈரம் பட்டால் மையாகிற காப்பியிங் பென்சிலில் எழுதின சில லேபிள்கள் ஊதா நிறமாகக் கரைந்து போயின. மற்ற எல்லாம் பிழைத்தன. பிரின்சிபால் வந்து பார்த்தார். கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் வெள்ளை வெள்ளையாகத் தாள்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கோட்டைக் கழற்றி முனுசாமியிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்களோடு நின்றார்.

5. முனிசிபாலிட்டி மீட்டிங்

சில வருஷம் கழித்து, ஊருக்குக் குடிதண்ணீர்க் கிணறு எங்கே தோண்டுவது என்று முனிசிபாலிட்டியில் பேச்சு வந்தது. புரொபசரின் குறிப்புகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கேட்ட இடத்தையெல்லாம் எடுத்துப் படித்தேன். என் வேலைக்காலத்தில் அதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்த நாள் வேறில்லை.

ஒரு மெம்பருக்குச் சந்தேகம். "இது வெள்ளத்துல ஊறின காகிதம்னு சொல்றாங்களே. நம்பலாமா?"

எதிர் வரிசையிலிருந்து காதர் சாயபு எழுந்தார். அவரும் அப்போது மெம்பர்.

"ஊறினது நெஜம். காயப்போட்டது நான். எல்லாம் சரியா இருக்குது" என்றார். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "என் கிணத்துப் பக்கம் மட்டும் தோண்டாதீங்க. அங்க உப்பு."

சபையில் யாரும் சிரிக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நீங்கள் காப்பாற்றி வைக்கிற காகிதத்தில் யாருக்காவது பிடிக்காதது நிச்சயம் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டு வருவார்கள். வருகிறவர் கெட்டவராக இருக்கமாட்டார். நமக்கு உதவி செய்யக்கூடியவராகக்கூட இருப்பார். அவரிடம் சண்டை போட வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்தக் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரைக்கும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.