ரசீதோடு ஒரு விலை

என் கணவர் திராசிவூலோஸ், ஏதென்ஸில் பணக்காரர்கள் குடியிருக்கும் வடக்கு மேட்டிலிருந்த வரி அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தார். அதிக வருமானக்காரர்களுக்கான வரியை அரசாங்கம் நூற்றுக்கு நாற்பத்தைந்தாக உயர்த்திய அன்று, ஒரு பெட்டி பாதாம் இனிப்போடு வந்தார். அவர் சம்பளத்தை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள்.

"நெறைய சம்பாதிக்கிறவன் நெறைய குடுக்கட்டும். நியாயந்தானே?"

"நியாயந்தான். உங்க மேட்டுல நெறைய சம்பாதிக்கிறேன்னு எழுதிக் குடுத்தவங்க எத்தனை பேரு?"

மென்றுகொண்டே யோசித்தார். "பதினாலு."

"நீச்சல் குளம் எத்தனை?"

"அதை ஏன் கேக்கிற."

அந்தப் பதினாலு பேரும் மாதச் சம்பளக்காரர்கள். கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்படுகிறவர்கள். உயர்த்தியது அவர்கள் தலையில்தான் விழுந்தது. மற்றவர்கள் குளத்தின்மேல் பச்சைத் தார்ப்பாய் கட்டிவிட்டு ஏழைகளாக இருந்தார்கள். இவர் வீடு வீடாக ஏறிக் குளத்தையும் தேடினார், ரசீதையும் கேட்டார்.

"அது கோழிக் கொட்டகை சார்" என்றாளாம் ஒருத்தி.

"அடியில தண்ணி சலசலன்னு கேக்குதேம்மா?"

"கோழிக்குத் தாகம் எடுக்காதா?"

அன்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது.

இதய வால்வு கெட்டிருந்தது. சீக்கிரம் அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். வெளியே மேசையிலிருந்த பெண் தலை நிமிராமல் கேட்டாள்: "ரசீதில்லாமன்னா அஞ்சாயிரம் யூரோ. ரசீதோடன்னா ஏழாயிரம். எப்படி?"

எங்களிடம் ஐயாயிரத்துச் சொச்சம் இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவர், "ரசீதோட" என்றார்.

படியில் இறங்கும்போது, "இந்த டாக்டரு அந்தப் பதினாலு பேர்ல இல்ல" என்றார்.

"உசிரு பெருசா, துண்டுக் காகிதம் பெருசா?" என்று கத்தினேன்.

"அந்தக் காகிதத்தைக் கேட்டுத்தானே ஊர்க் கதவையெல்லாம் தட்டினேன், பொலிக்ஸேனி. நானே வேணாம்னுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோட போய் மணி அடிப்பேன்? காரை வித்துடலாம்."

ஊரெல்லாம் கையில் காசில்லாத அந்த வருஷம் யாரும் லேசில் கார் வாங்கவில்லை. வந்தவர்கள் டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆறாவது வாரம், சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்விட்டார். கார் ஒன்பதாவது வாரம் விலைபோனது.

அந்தப் பணத்தோடு கல்லறைக்குப் பளிங்கு பார்க்கப் போனேன். கல்வெட்டுகிறவர் பெயரையும் தேதிகளையும் எழுதிக்கொண்டார். பிறகு பென்சிலைக் காதில் செருகினார்.

"ரசீதோடவா அம்மா, இல்லாமலா?"

இரண்டு விலைக்கும் பையில் காசு இருந்தது. அவருக்காகவாவது ரசீது கேட்டிருக்கலாம். அவர்மேல் கோபமா, டாக்டர்மேலா, வெறும் அலுப்பா, எனக்குத் தெரியவில்லை. "இல்லாம" என்றேன்.

கல் நன்றாகத்தான் வந்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் போய்த் துடைக்கிறேன். கார் விலைபோனதைச் சொல்லிவிட்டேன். இதை மட்டும் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.