பலா மரத்தடியில் நான் பிடித்த வைரஸ்

போன வாரம் புதூர்நாட்டில் ஒரு வைரஸை ஒழித்தேன். ஒழித்த பிறகுதான் தெரிந்தது, அது வைரஸே இல்லை...

அங்கே ஒரு பெண்கள் குழு சாமை முறுக்கு சுடுகிறது. செயலாளர் சுமதி. திருப்பத்தூரில் நடக்கப்போகும் கண்காட்சியில் குழுவுக்கு ஸ்டால் கேட்டு விண்ணப்பித்திருந்தார். முறுக்கு போட்டோவைச் சேர்த்து அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. நான் முறுக்கு சாப்பிடப் போனவன். சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தேனா?

சிக்னல் பலா மரத்தில் மட்டும்தான் கிடைக்கும். போனை மஞ்சள் பையில் போட்டுக் கிளையில் தொங்கவிட்டு, ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை ஓட்டுகிறார்கள். சுமதி போட்டோ எடுக்கப் போன நேரத்தில் பிரவுசர் செட்டிங்ஸைத் திறந்தேன். தேடல் பகுதியில் க, வி, ப என்று ஒற்றை எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நீ...ள முகவரி, கடைசியில் சதவீதக் குறி வேறு. வைரஸ் இல்லாமல் வேறென்ன? அத்தனையையும் டெலிட் செய்துவிட்டுக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சுமதி வந்து பிரவுசரின் முகவரிப் பெட்டியில் 'க' தட்டினார். ஒன்றும் வரவில்லை.

"இன்னா சார் பண்ணீங்க?"

சொன்னேன். அவர் திட்டவில்லை — அதுதான் பயமாக இருந்தது. அந்தச் சிக்னலில் தேடல் பக்கம் திறப்பதற்குள் முறுக்கே நமத்துவிடுமாம். அதனால் 'க' தட்டி, இடம் விட்டு, விண்ணப்ப எண்ணைப் போட்டால் நேராகப் படிவமே திறக்கும்படி அவரே அமைத்து வைத்திருந்தாராம். மணி நான்கு நாற்பது.

சுமதி பக்கத்தில் இருந்த, சாமை கொட்டிவைக்கும் டிரம்மைத் திருப்பினார். அதன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவில் முகவரி முழுக்க எழுதியிருந்தது!

"லேப்டாப்பு என்னிக்கினா படுத்துக்கும். டிரம்மு எங்க சார் போய்டும்?"

நான் எழுத்தெழுத்தாக வாசிக்க, அவர் செட்டிங்ஸில் 'க'வுக்கு எதிரே மறுபடி தட்டினார். கடைசியில் சதவீதக் குறி, ஒரு எஸ். நாம் தட்டும் எண் அந்த இடத்தில் போய் உட்காருமாம். குழுவில் ஒருவர் பை ஆடாமல் கிளையைப் பிடித்துக்கொண்டார். ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது போட்டோ போய்ச் சேர்ந்து பச்சை டிக் விழுந்தது. சந்தோஷத்தில் விசிலடித்தேன். அதுவரை எனக்கு விசில் வந்ததே இல்லை!

அதே குஷியில் என் லேப்டாப்பையும் நீட்டி, எனக்கும் ஓர் எழுத்து அமைத்துத் தரச் சொன்னேன். செட்டிங்ஸைத் திறந்த சுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஏதோ ஓர் இலவச ஜாதக மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்த, பெயரே கேள்விப்படாத ஒரு தேடுபொறியில்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேனாம்.

"வைரஸு இதாங்க சார். எடுத்துர்லாமா? ...உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுதான் எடுக்கணும்ல?"