பிளக்ஸுக்குப் பின்னால் ஒரு கதவு

பொன்னாடை என்றாலே எனக்கு அலர்ஜி. ஏற்கெனவே ஒரு பீரோ நிறையக் கிடக்கிறது. ஆனாலும் போன வாரம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போனேன். தீத்தொண்டு வாரம்... பணியில் இறந்த தீயணைப்பு வீரர் தேவராஜுக்கு அஞ்சலி, வந்தே ஆக வேண்டும் என்று ஹெச்.ஆர். மேனேஜர் விடாமல் போன் செய்தார். நல்ல காரியம்தானே என்று கிளம்பினேன்.

கேன்டீன் ஹாலில் மேடை. என் பக்கத்தில் தேவராஜின் மனைவி ஸ்டெல்லா. காட்பாடியில் நர்ஸ், டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார். பக்கவாட்டுச் சுவரில் தேவராஜின் படத்தோடு ஆளுயரத்தைத் தாண்டிய பிளக்ஸ். அதன் ஓரத்தில் முதலாளி, அவர் மகன், மருமகன் மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலி பிளக்ஸில் எதற்கய்யா சிரிப்பு?

பேசிய எல்லோரும் ‘வீரமரணம்’ என்றார்கள். எப்படி இறந்தார் என்று ஒருவராவது சொன்னாரா? ம்ஹூம்.

விழாவுக்கு முன்பு டீ குடிக்கும்போது ஸ்டெல்லா என்னிடம் சொல்லியிருந்தார். வேறொரு கம்பெனி குடோனில் தீ. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று தேடப் போன தேவராஜ், புகை சூழ்ந்ததும் பின்கதவுக்கு வந்திருக்கிறார். கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கம் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

இதை மைக்கில் சொன்னால் கேட்பவன் தன் கம்பெனி கதவைப் போய்ப் பார்ப்பான். ‘வீரமரணம்’ என்று சொல்லிவிட்டாலோ... கை தட்டினால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

ஸ்டெல்லா கண் எடுக்காமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், கணவரைப் பார்க்கிறார் என்று நினைத்து ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“சார், அவர் தலைக்கு மேல பச்சை லைட்டு எரியுது பாருங்க,” என்றார் மெதுவாக. “படத்துக்குப் பின்னாடி கதவு இருக்குது.”

பார்த்தேன். ‘எக்ஸிட்’ என்று எரிந்துகொண்டிருந்தது. ஹால் நிறையப் பெண் தொழிலாளர்கள். அவசர வழியை மறைத்துக்கொண்டு, அவசர வழி இல்லாமல் செத்தவரின் படம்!

முதலாளி பொன்னாடையோடு வந்தார். ஸ்டெல்லா எழுந்தார், வாங்கிக்கொள்ளவில்லை. பிளக்ஸை எடுக்கச் சொன்னார். மேனேஜர் ஓடி வந்து, விழா முடியட்டும் மேடம், குரூப் போட்டோவுக்கு பேக்கிரவுண்ட் வேண்டுமே என்றார். பேக்கிரவுண்டாம்!

“அவரக் கழட்டி வெச்சிட்டு கதவத் தொறங்க சார். எனக்கு அது போதும்.”

மைக் ஆனில் இருந்தது. ஹாலுக்கே கேட்டது. முன்வரிசைப் பெண்கள் எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார்கள். தேவராஜின் படத்தை மரச்சட்டத்தோடு அப்படியே இறக்கிச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்தார்கள். பிறகு கதவைத் தள்ளினார்கள்.

நகரவில்லை. மேனேஜரும் வந்து தோளைக் கொடுத்து முட்டினார். கையளவு திறந்தது. அந்த இடுக்கில் தெரிந்தவை... அட்டைப்பெட்டிகள்.

அத்தனை பேச்சுக்கும் அழாத ஸ்டெல்லா அப்போது அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

“டெம்பரரியா வெச்சது மேடம்,” என்றார் மேனேஜர்.

தேவராஜ் முட்டிய கதவுக்கு வெளியே இருந்ததும் டெம்பரரிதான்.