ஓரம் வெட்டிய வரைபடம்

தூரிட்டுக்குக் கோபம் வந்தால் வாயால் திட்ட மாட்டாள். கையில் இருப்பதை டொம்மென்று வைப்பாள். அந்தச் செப்டம்பர் காலையில் வரைபடங்களையும் அப்படித்தான் கணவன் யூஸ்டைன் முன்னால் வைத்தாள்.

நார்வேயின் அந்தப் பள்ளத்தாக்கில், கல்யாணமான நாளிலிருந்து வருஷம் தவறாமல் இருவரும் முதுகுப்பையோடு மலைக்குப் போகிறவர்கள். எந்த வழி, எந்தத் தாள் என்று பார்த்து எடுப்பது அவள் வேலை. சுமப்பது அவன் வேலை. பள்ளிப் பேருந்து ஓட்டிப் பிழைத்தவள்தான். ஆனால் தாளில் உள்ள உயரக் கோடுகளைப் பார்த்தே எந்தச் சரிவு வழுக்கும், எங்கே கூடாரம் போடலாம் என்று சொல்லிவிடுவாள். யூஸ்டைனுக்கோ அவை வெறும் கிறுக்கல். இந்த வருஷம் அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன். அவன் தனியாகக் கிளம்பிவிட்டான்.

"ஒரு வருஷம் போகலைன்னா மலை கோச்சுக்குமா?"

"மலை கோச்சுக்காது. வீட்டுலயே உக்காந்தா எனக்குத்தான் கிறுக்குப் பிடிக்கும். நீ குடுக்குற தாளை நம்பித்தானே தாயே, நான் காலையே எடுத்து வைக்கிறேன்."

"போய்த் தொலை."

தூரிட் மேசை இழுப்பறையிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத்தான் கொடுத்திருந்தாள். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அங்கே மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சுமை குறைய வேண்டுமென்று பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ஒடிப்பார்கள். வரைபடத்தின் வெள்ளை ஓரத்தைக் கத்தரித்து எறிவார்கள். அந்த ஓரம் என்ன பெரிய கனமா? அச்சான வருஷம் அதில்தான் இருக்கிறது. தூரிட்டும் வெட்டுகிறவள்தான்.

மூன்றாம் நாள் பனியும் மழையுமாகக் கொட்டியது. அவன் இப்போது எங்கே நடந்துகொண்டிருப்பான் என்று விரலால் தொட்டுப் பார்க்க ஆசை வந்து, இழுப்பறையில் கிடந்த அதே பகுதியின் இன்னொரு தாளை விரித்தாள். ஸ்வார்ட்டோ ஆற்றங்கரையில் விரல் நின்றது. பாலம் இல்லை. பாதை மேலே ஏரிவரை போய்ச் சுற்றி வந்தது.

பழைய பாலத்தை வெள்ளம் கொண்டுபோய் எத்தனையோ வருஷமாயிற்று. அதற்காகத்தான் புதுத் தாளே வாங்கினார்கள். பழையதை எறிய மனசில்லாமல் வைத்திருந்தாள். இரண்டுக்கும் ஓரமில்லை, மடித்து வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். இங்கே கிடப்பது புதுசு என்றால், அவன் கொண்டுபோனது பழையது.

அவனுடைய போனுக்கு லைன் கிடைக்கவில்லை. மீட்புக் குழுவின் ஒட்வாரைக் கூப்பிட்டாள்.

"மேகம் தரையத் தொடுது, தூரிட். ஹெலிகாப்டர் எழும்பாது. ஆளுங்க நடந்துதான் போகணும்."

"நான்தான் அனுப்பி வச்சேன் ஒட்வார். இல்லாத பாலத்துக்கு."

"பாலம் இல்லைன்னா திரும்பியிருப்பான். மலையில திரும்புறதுல வெக்கமில்லைன்னு சொல்லித்தானே இங்க எல்லாரையும் வளக்குறோம்?"

"திரும்பியிருந்தா வழியில இருக்குற குடிலுக்கு வந்து போன் பண்ணியிருப்பானே."

"சரி. ஆத்துல எறங்கியிருந்தா எங்க எறங்கியிருப்பான்? நீதான் சொல்லணும்."

தாளைக் குனிந்து பார்த்தாள். ஆயுள் முழுக்கப் படித்த கோடுகள் அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை. கோடுகள் விலகியிருந்த ஒரு வளைவைக் கடைசியில் சொன்னாள். தண்ணீர் அங்கே அகலமாக, ஆழமில்லாததுபோல் தெரியும். புருஷன் சாக இறங்கிய இடத்தைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது. கோவிலுக்குப் போகாதவள், அடுப்படியில் நின்று, "ஆண்டவரே, அவனுக்குப் பயத்தக் குடு, தண்ணியில எறங்காத அளவுக்குப் பயத்தக் குடு" என்று புலம்பினாள். காப்பி கொதித்து வழிந்து அடுப்பை அணைத்ததுகூடத் தெரியவில்லை.

அந்த வளைவில் அவன் இல்லை. மறுநாள் மத்தியானம் மலையிலிருந்து ஒட்வாரின் சாட்டிலைட் போன் வந்தது.

"இருக்கான். உயிரோட இருக்கான். காலு ரெண்டும் மரத்துப்போச்சு, குளிர்ல பேச்சும் நெனப்பும் கொழறுது. ஆத்துல எறங்கவே இல்ல. இந்தா, பேசு."

தூரிட்டுக்கு முதலில் அழுகைதான் வந்தது. "பாலம் இல்லைன்னு பாத்தேல்ல? திரும்பி வர வேண்டியதுதானே, மடையா?"

"நான்தான் தப்பான எடத்துக்கு வந்துட்டேன்னு நெனச்சேன்." அவன் பல் தந்தியடித்தது. "பாலம் எங்கயோ இருக்கும்னு மேலயும் கீழயும் நடந்து பாத்துக்கிட்டே இருந்தேன். நீ குடுத்த தாள்ல இருக்கே, தூரிட்."

மேசைமேல் புதுத் தாள் விரித்தபடியே கிடந்தது. அதன் வெட்டிய ஓரத்தை அவள் விரலால் தடவினாள்.

"கேக்குதா?" என்றான் அவன். "இன்னும் கொஞ்சம் கீழ போய்ப் பாக்கவா?"