விழும் இடம்

விமான இரைச்சல் கேட்டதும், உரும்பிராயில் ரியூசன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த நான் வீதியோரப் பதுங்குகுழிக்குள் குதித்தேன். உள்ளே, மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை நூலால் கட்டியிருந்த ஒருவர். பயத்தை மறைக்க, வராத கணக்கை அவரிடம் காட்டினேன்: விமானத்திலிருந்து விழும் பொருள்.

"நேரை கீழை விழாது. விமானத்தின்ரை வேகம் அதுக்கும் இருக்கு, முன்னுக்குத்தான் போய் விழும்."

என் கொப்பியில் படம் கீறி, அந்த இரைச்சலிலும் வரிக்கு வரி மறக்காமல் மீற்றர், செக்கன் என்று அலகு எழுதிக் கணக்கைச் செய்தார்.

விமானம் தலைக்கு மேலே வந்தது.

"இப்ப குண்டை விட்டால் எங்களுக்கு மேலை விழாது, என்ன அண்ணை?" என்றேன், சந்தோஷத்தோடு.

படத்தில் பொருள் விழும் இடத்தில் பென்சிலை வைத்தார். "இதிலையும் ஆக்கள் இருக்கினம், தங்கச்சி."

கோப்பாய்ப் பக்கம் வெடித்தது. கொப்பியைத் தந்துவிட்டு, வெளியே கிடந்த தன் சைக்கிளை எடுத்து அந்தத் திசைக்கே மிதித்தார்.

மறுநாள் ரியூசன் மாஸ்டர் அந்த விடைக்குச் சரி போட்டார். கோப்பாயில் அந்த அண்ணைக்கு யார் இருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.