அக்காவைக் கேட்காமல் எடுத்த முடிவு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும்படி அண்ணனும் தம்பியும் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அதற்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியாமலேயே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வடகவுஞ்சி என்ற மலைக் கிராமத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டு அம்மாவோடு பீன்ஸ் தோட்டத்தில் இறங்கினார். எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்காவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டில் யாரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் அந்த ஆள் அங்கே இருந்தாக வேண்டும். அண்ணனின் ஆறு வயது மகளைப் பழனியில் விடுதியில் சேர்க்கலாமா என்று பேசியபோதுகூட அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ சொல்லுத்தா, ஒனக்கு என்ன தோணுது?" என்றார். "அத்தையும் கூட வந்தாப் போறேன்" என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

என்னைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வந்திருந்தார்கள். பெரியப்பா சம்மதம் சொல்லப் போகும் நேரத்தில், அக்கா அடுப்படியிலிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து எல்லோர் நடுவிலும் உட்கார வைத்தார்.

"வாழப் போறவ இவ. இவளக் கேளுங்க."

பெரியப்பா முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் "வேண்டாம்" என்றேன். எனக்காக நானே பேசிய முதல் சொல் அதுதான்.

அந்த அக்காவுக்கு நான் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வயிற்று வலி என்று அக்காவைக் கூட்டிப்போன மதுரை மருத்துவமனையில் மருத்துவர் புற்றுநோய் என்றார், முற்றிவிட்டது என்றார். அக்கா உள்ளே படுத்திருக்க, நாங்கள் மூவரும் வராந்தாவில் நின்று பேசினோம். "தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாங்க" என்று முதலில் சொன்னவள் நான். மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். உள்ளே போய், "அல்சர்தான்க்கா. மாத்திரையிலயே சரியாயிரும்" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தார். "அப்படியா, சரி" என்றார்.

பிறகு ஐந்து மாதம், கஞ்சியையும் மாத்திரையையும் குளிரையும் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லை. நாளெல்லாம் கூடவே இருந்தும் அவரைத் தனியாக விட்டுவிட்டோம்.

தோட்டத்தில் அக்காவோடு பல ஆண்டுகள் வேலை செய்த செல்லம்மா, காரியம் முடிந்த மறுநாள் என்னைத் தனியே அழைத்தார்.

"அக்காவுக்கு எல்லாந் தெரியும் தாயி. சாகப் பயமா இருக்குன்னு எங்கிட்ட அழுதிருக்காக. தங்கச்சிகிட்டக் கேளுங்களேன்னேன். 'நானாக் கேட்டா அவ சொன்னது பொய்யின்னு ஆயிரும், கூசிப் போவா. அவளா வந்து சொல்லட்டும், பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்'னாக."

நான் கடைசிவரை போய்ச் சொல்லவில்லை.

"மூணு பேரும் சேந்து எடுத்த முடிவு, நீ மட்டும் ஏன் அழுகுற?" என்று அண்ணன் தேற்றுகிறார். உண்மைதான். இதை மலரில் போட அவரும் தம்பியும் சம்மதித்ததும் அதனால்தான். ஆனாலும் என் பங்கு அதனால் குறையவில்லை.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், வீடு தேடி வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், நேரம் பார்க்காமல் மலைப்பாதையில் வண்டி ஓட்டி உதவிய ஊர்க்காரர்களுக்கும் எங்கள் நன்றி. செல்லம்மா, உங்களுக்கு நன்றி என்று எழுதினால் போதாது. அக்கா வாய்விட்டு அழ எங்கள் வீட்டில் இடம் இல்லாமல் போனபோது நீங்கள் இருந்தீர்கள்.

அக்கா, உங்களுக்கு வந்தது அல்சர் இல்லை, புற்றுநோய். அதிக நாள் இல்லை என்று மருத்துவர் சொன்னார். நீங்கள் உடைந்து போவீர்கள் என்று நான்தான் சொன்னேன். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பயந்தது நான்.