நீதவான் வெல்லுவாரோ?

போன கிழமை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில், எங்கள் நிறுவனத்தின் சாப்பாட்டுக்கூடத்தில், செந்திலோடு உட்கார்ந்திருந்தேன். செந்தில் மதுரைக்காரன், எனக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்கிறவன். நல்ல பிள்ளை. ஆனால் உலகத்தின் எந்த மூலையில் தேர்தல் நடந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. சுவரிலிருந்த தொலைக்காட்சியில் ஏதோ தூரத்து நாட்டின் கட்சி மாநாடு ஓடிக்கொண்டிருந்தது. பலூன்கள் விழுகின்றன, மேடையில் ஒருவர் தன் காதையே நம்பாதவர்போலச் சிரிக்கிறார். ஒருவரும் எதிர்பார்க்காத ஆளை ஜனாதிபதி வேட்பாளராக அறிவித்துவிட்டார்களாம்.

"நீதான் ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்ச ஆளாச்சே," என்றான் செந்தில். "சொல்லு, இப்படித் திடீர்னு நிறுத்துற கேண்டிடேட் ஜெயிப்பாரா?"

அந்த நேரம் பார்த்து, வெள்ளை மேசைவிரிப்புகளை அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று எங்களைக் கடந்து போனது. கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் நீராவி, கருகப் பார்த்துக் கருகாமல் தப்பிய பருத்தியின் மணம் கொஞ்சம். பதில் என் வாயிலேயே நின்றுவிட்டது. நான் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்து, செந்தில் மரியாதையாகக் காத்திருந்தான்.

அந்த மணம் எனக்குக் கெல்சென்கிர்ச்சன் நகரம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், சனிக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் அங்கே ஒரு சலவை ஆலையில் வேலை செய்தேன். ஆஸ்பத்திரிகள், ஹோட்டல்கள், முதியோர் இல்லங்கள் என்று ஊரின் படுக்கைவிரிப்பெல்லாம் அங்கேதான் வரும். மாங்கல் என்று ஜெர்மன்காரர் சொல்லும் ஓர் இயந்திரம், ஆளை விழுங்கும் அளவுக்கு அகலமான சூட்டு உருளைகளோடு, நடுவில் உறுமிக்கொண்டு நிற்கும். ஈரவிரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, உயர்த்தி ஒரு உதறு உதறி, சுருக்கமில்லாமல் அதன் வாய்க்குள் கொடுக்க வேண்டும். மறுமுனையில் நிற்பவர் யோகன் அண்ணை.

இந்த வேலையில் பேச்சுக்கென்று ஒரு முறை இருந்தது. விரிப்பு மேலே எழும்பும்போது எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். விரிப்புத் தாழும்போது முகம் வரும். யோகன் அண்ணை பகிடி சொல்வதெல்லாம் முகம் மறைந்த நேரத்தில்தான். விரிப்புத் தாழ்ந்து பார்த்தால் ஒன்றுமறியாத பிள்ளையார்போல நிற்பார். நான் மட்டும் தனியாகச் சிரித்து, மேற்பார்வைக்கார ஜெர்மன்காரியிடம் முறைப்பு வாங்குவேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து வரும், அம்மாவுக்கு அதற்குமேல் கொஞ்சம். ஆகவே தெரிந்தவர் வீட்டில் ஹீட்டர் வேலை செய்யாவிட்டாலும், அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் விடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஹீட்டரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் போய், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அதன் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். யோகன் அண்ணை எனக்கு 'ஹெர் டொக்டர்', அதாவது டொக்டர் ஐயா, என்று பட்டம் கொடுத்திருந்தார். "ஹெர் டொக்டர், இந்தத் தலையணை உறைக்குச் சுகமில்லை, ஒருக்கா நாடி பிடிச்சுப் பாருங்கோ" என்பார்.

அவருடைய விசயத்திலும் நான்தான் துணை. அவர் அகதியாக வந்து கொடுத்த விண்ணப்பத்தை முதலில் மறுத்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போயிருந்தார். இலங்கையில், ஊரில், அவருடைய தாய் மட்டும். மூத்த தமையனைக் கடைசிச் சண்டையின்போது ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தமையனைத் தேடிப் போய்க் கேள்வி கேட்டதில் யோகன் அண்ணையையும் விசாரித்தார்கள். அந்த விசாரணையின் அடையாளம் அவர் முதுகில் இருந்தது. ஒருமுறை சட்டை மாற்றும்போது பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மட்டும் அவர் பகிடி விட்டதில்லை.

அந்த வருசம் இலங்கையிலும் தேர்தலுக்கு முன் இப்படி ஒரு கட்சி மாநாடு நடந்தது. செய்தியைக் கொண்டுவந்தவர் தவம் அண்ணை. ஆலையின் லொறி ஓட்டுகிறவர், ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்துப் பல காலம். ஜெர்மனியில் ஒரு தேர்தலுக்கும் அவர் வாக்குப் போட்டதில்லை. ஆனால் இலங்கைத் தேர்தல் என்றால் லொறியை விட்டு இறங்குவதற்குள் கதை தொடங்கிவிடும்.

"கேட்டியளோ சங்கதியை! கட்சித் தலைவர் தன்ர மகனைத்தான் நிப்பாட்டப்போறார் எண்டு எல்லாரும் இருக்க, மேடையில நிண்டு, கீழ இருந்த ஒரு கிழவனை எழும்பச் சொல்லியிருக்கிறார். ஆர் தெரியுமே? பென்சன் எடுத்த ஒரு நீதவான்!"

சிங்களவர்தான், ஆனால் வேலையில் இருந்தபோது எங்கள் பக்கத்து ஆட்களின் வழக்கொன்றில் பயப்படாமல் தீர்ப்புச் சொன்னவர் என்று ஒரு பேர் இருந்தது. காணாமல் போனவர்களைத் தேடுவேன் என்று அந்த மேடையிலேயே சொல்லிவிட்டாராம். வெல்லுவாரோ? அன்று தொடங்கியது அந்தக் கேள்வி. சலவை ஆலையில் இருந்த தமிழ் வாய் எல்லாவற்றுக்கும் அதுவே வேலையாகிவிட்டது. அவர்களில் ஒருவருக்கும் இலங்கையில் வாக்கு இல்லை என்பது ஒரு தடையாகவே இருக்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. படித்தவன் அல்லவா? மாவட்டம் மாவட்டமாகக் கணக்குப் போட்டேன். இடைவேளையில், தேநீர்க் கோப்பைகளைத் தெற்கு, மலையகம், வடக்கு என்று வைத்து விளங்கப்படுத்தினேன். வெல்ல வழியே இல்லை என்பது என் முடிவு.

"தெற்கைத் தூக்கு, நான் தேத்தண்ணி குடிக்கவேணும்" என்றார் தவம் அண்ணை.

அந்த நாட்களில்தான் யோகன் அண்ணையோடு வழக்கறிஞரிடம் போனேன். வழக்கறிஞர் ஒரு ஜெர்மன் பெண், சுற்றி வளைக்கத் தெரியாதவர். விசாரணை தேர்தலுக்குப் பிறகுதான் வரும், விசாரணை நாளன்று அந்த நாடு எப்படி இருக்கிறதோ அதைத்தான் நீதிமன்றம் பார்க்கும் என்றார். நல்ல பேருள்ள ஒருவர் ஆட்சிக்கு வந்துவிட்டால், திருப்பி அனுப்புவதில் ஆபத்து இல்லை என்று சொல்வது அவர்களுக்கு மிகவும் சுலபமாகிவிடும்.

"என்னவாம்?" என்றார் யோகன் அண்ணை.

"நீதவான் வெண்டால் உங்கட கேஸ் தோக்குமாம் அண்ணை."

அவர் சிரித்தார். "அப்ப ஊர் நாசமாப் போகவேணும் எண்டு கோயிலுக்கு நேத்தி வைக்கச் சொல்லுறா. அப்பிடித்தானே?"

இதை நான் அந்தப் பெண்ணுக்கு மொழிபெயர்க்கவில்லை. வெளியில் வந்து டிராமுக்கு நிற்கும்போது யோகன் அண்ணை சொன்னார்: "தவத்தாருக்கு இதைச் சொல்லிப்போடாதை. மனுசன் கனகாலத்துக்குப் பிறகு சந்தோசமாத் திரியிறார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும், முதல் விரிப்பு உயரும்போது அதற்குப் பின்னாலிருந்து கேட்பார்: "ஹெர் டொக்டர், நீதவான் வெல்லுவாரோ?" ஆலையில் மற்றவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அவருக்கு மட்டும் எந்தப் பதில் ஆறுதல், எந்தப் பதில் அடி என்று எனக்கே பிடிபடவில்லை. "ஏலாது அண்ணை" என்பேன். விரிப்புத் தாழும். அவர் முகத்தில் அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று கண்டுபிடிக்க முயல்வேன். முடிந்ததே இல்லை.

தேர்தல் நெருங்கியதும் தவம் அண்ணை தொலைபேசிப் பிரச்சாரத்தைத் தொடங்கினார். எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்வதுதான். வாக்கு ஊரில் இருக்கும், அதை யாருக்குப் போடுவது என்ற உத்தரவு வெளிநாட்டிலிருந்து போகும். பின்கதவுக்கு வெளியே, நீராவி வெளியேறும் குழாயின் கீழே, எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, வீட்டுக்கு அழைப்பு எடுக்க வைத்தார். யோகன் அண்ணையின் முறை வந்தது.

"ஸ்பீக்கரில போடு. நானும் அம்மாவோட ஒரு சொல்லுக் கதைக்கிறன்," என்றார் தவம் அண்ணை.

அம்மாவின் குரல் தகரத்தில் மழை விழுவதுபோலக் கேட்டது. "அப்பன், நானே எடுப்பம் எண்டு இருந்தனான். இந்தமுறை ஆருக்குப் போட?"

யோகன் அண்ணை போனை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அந்த நீதவான் வந்தா கொண்ணன், மூத்தவன்ர விசயத்தைப் பாப்பாராம் எண்டு இஞ்ச எல்லாரும் கதைக்கினம். மெய்யே?"

நீராவி எங்கள் தலைக்குமேல் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அவரைப் பார்க்காமல் அதைப் பார்த்தேன்.

"மெய்தான் அம்மா. பாப்பார். அவருக்கே போடுங்கோ. பக்கத்து வீட்டு ராணியக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அவர் வெண்டா நீயும் வரலாம், என்ன?"

"ஓம் அம்மா. அவர் வெண்டா வருவன்."

தவம் அண்ணை அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தியளோ, இப்பவே ரெண்டு வோட்டு விழுந்திட்டுது!"

நீதவான் வென்றார். என் தேநீர்க் கோப்பைக் கணக்கெல்லாம் பிழையாகிப்போய், மயிரிழையில் வென்றார். தவம் அண்ணை வீட்டிலிருந்து ஆட்டுக்கறியும் பாணும் கொண்டுவந்தார். சோப்பு மணத்துக்குள் கறித்தூள் மணம் புகுந்ததும், மேற்பார்வைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எங்களுக்குப் புது ஜனாதிபதி!" என்றார் தவம் அண்ணை ஜெர்மனில். அவள் முகம் மலர்ந்துபோய், எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள். யோகன் அண்ணைக்கும் கொடுத்தாள். அவர் கறிக் கையைத் துடைத்துவிட்டு, நன்றி என்றார்.

அந்தக் கறியின் ருசி இப்போதும் நினைவிருக்கிறது. அதுதான் எனக்குக் கோபம். எத்தனையோ நல்ல விசயம் மறந்துபோய், இது மட்டும் ஏன் உறைப்புக் குறையாமல் நிற்கிறது?

கோர்ட்டில் மொழிபெயர்க்க அவர்களுடைய ஆள் இருந்தார். நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். நீதிபதி மரியாதையானவர், முதுகுத் தழும்பைப் பற்றிக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் நாட்டின் நிலைமை அடிப்படையிலேயே மாறியிருக்கிறது, புதிய ஜனாதிபதி நேர்மைக்குப் பேர்போன முன்னாள் நீதிபதி, இனிப் பயப்படக் காரணம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். வெளியே படிக்கட்டில் யோகன் அண்ணை என்னிடம் சொன்னார்: "ஒரு நீதவான் இன்னொரு நீதவானை நம்புறார். பிழை சொல்ல ஏலாது."

வழக்கு ஏன் தோற்றது என்ற செய்தி தவம் அண்ணைக்குப் போனபோது அவர் அழுக்குத்துணி வண்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானெல்லோ நிண்டு போன் எடுக்க வைச்சனான்" என்றார். யோகன் அண்ணைதான் அவரைத் தேற்றினார். "விடுங்கோ அண்ணை. என்ர அம்மான்ர ஒரு வோட்டிலயே அவர் வெண்டவர்?"

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எல்லாம் பழையபடியே நடந்ததால், அதிகாரிகள் அவரை மறந்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை. என் முனையைப் பிடித்து உயர்த்தினேன். விரிப்பின் மறுபக்கத்தில் குரல் வரவில்லை. தாழ்ந்தபோது எதிரில் முன்பின் தெரியாத ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பல்கேரியாவிலிருந்து வந்தவள், புதிதாக எடுத்திருக்கிறார்கள். அகதி விடுதிக்குப் போலீஸ் வந்து யோகன் அண்ணையை விமானம் ஏற்றக் கூட்டிக்கொண்டு போனதாம். அவருடைய செருப்பு உடைமாற்றும் அறையில் அப்படியே கிடந்தது.

ஊரில் நீதவான் காணாமல் போனவர்களைத் தேட ஒரு குழு அமைத்தார். யோகன் அண்ணையின் அம்மா மூத்தமகனின் படத்தைக் கொண்டுபோய் வரிசையில் நின்றார். ஒருவர் பேரைக் கேட்டார், அவ்வளவுதான். யோகன் அண்ணையை விமானநிலையத்திலேயே வைத்து விசாரித்துவிட்டுப் போகவிட்டார்கள். பிறகு மாதாமாதம் வீட்டுக்கு வந்து விசாரித்தார்கள். விசாரிக்க வந்த ஆட்களும் பழைய ஆட்கள்தானாம். "நாங்கள் இப்ப நல்ல பழக்கம், தேத்தண்ணி குடுக்கிறனான்" என்று ஒருமுறை தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த தேர்தலுக்கு நீதவான் நிற்கவில்லை. அப்போது யோகன் அண்ணையிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. "ஹெர் டொக்டர், இந்தமுறையும் ஒருத்தரும் நினைக்காத ஒராளைத்தான் நிப்பாட்டியிருக்கினம். இப்ப எனக்கும் இஞ்ச வோட்டு இருக்கு, உங்கள் எல்லாரையும்விட நான் பெரிய ஆள். சொல்லும், வெல்லுவாரோ?" நான் உட்கார்ந்து, மாவட்டம் மாவட்டமாக, நீளமாக எழுதி அனுப்பினேன். அது அவரைப் போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் இன்றுவரை வரவில்லை. அவருடைய அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன். "வெளிக்கிட்டிட்டான் தம்பி," என்றார். "எந்தப் பக்கம் எண்டு சொல்லேல்லை." கொஞ்சக் காலத்தில் அந்த இலக்கமும் பாவனையில் இல்லை என்றது.

சலவை ஆலையும் இல்லை. அந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. தவம் அண்ணை ஓய்வெடுத்துவிட்டார். போனமுறை பார்க்கப் போனபோது, தொலைக்காட்சியில் செய்தி தொடங்கியதும் எழும்பிப் போய்ச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றினார்.

"என்னப்பா, இவ்வளவு யோசிக்கிற?" என்றான் செந்தில். "ஜெயிப்பாரா, மாட்டாரா?"

"ஜெயிக்கலாம்," என்றேன்.

"அப்ப நல்லதுதானே," என்று தயிர்ச்சோற்றைத் தொடர்ந்தான்.

வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். துவைத்த விரிப்பை மடிக்கும்போது, வேண்டாம் என்று நினைத்தாலும் கை பழக்கத்தில் இரண்டு மூலையைப் பிடித்து உயர்த்தி ஒரு உதறு உதறிவிடும். மறுமுனை தரையில் விழுந்து கிடக்கும்.